ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் இமேஜிங்: தமிழ்ல எப்படி சொல்றது?

போன மாசம் பாண்டி மியூசியத்துல அரிக்கமேட்டு பானை ஓடுங்க இருக்கற கண்ணாடிப் பெட்டி முன்னாடி நிக்கறப்போ, பிசிக்ஸ் படிக்கற அக்கா பையன் "மாமா, இதையெல்லாம் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் இமேஜிங் பண்ணா நெறைய தெரியும்"னான். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் "அப்டின்னா என்ன தம்பி, தமிழ்ல சொல்லேன்"னு ஆசையா கேட்டாரு. அன்னைக்கு எங்களுக்கு சரியா சொல்ல வரல, அதான் இப்போ எழுதறேன். சுருக்கமா சொன்னா, வெளிச்சத்தை நூத்துக்கணக்கான மெல்லிசுப் பட்டையா பிரிச்சுப் படம் எடுக்கறதுதான் அது.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல், பார்க்கறதுங்கற வேர்லேர்ந்து வந்தது, மொதல்ல தோற்றம், உருவம்னுதான் அர்த்தம். முப்பட்டகத்துல வெளிச்சம் பிரிஞ்சு விழற வண்ண வரிசைக்கு நியூட்டன் அந்தப் பேரை வச்சாரு. நம்மாளுங்க அதை நிறமாலைன்னாங்க, நிறத்தையெல்லாம் நூல்ல கோத்த மாதிரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச கலைச்சொல் அது. ஹைப்பர் கிரேக்கம், மேலே, தாண்டின்னு பொருள். 1980கள்ல நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் லேப்காரங்க ஏரோப்ளேன்லேர்ந்தே தரையில என்ன கனிமம் இருக்குன்னு பார்க்க கருவி செஞ்சாங்க, அந்த சமயத்துலதான் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்ங்கற பேரும் பரவிச்சு. அவங்களோட அவிரிஸ் கருவி வெளிச்சத்தை 224 பட்டையா பிரிக்கும்.

இங்க ஹைப்பர்னா பவர் ஜாஸ்தின்னு எடுத்துக்கக் கூடாது, எண்ணிக்கைதான் விஷயம். நம்ம போன் கேமரா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணா பிரிக்குது, மல்டிஸ்பெக்ட்ரல்ங்கற இன்னொரு வகை கேமரா கொஞ்சம் பட்டைங்களை எடுக்கும் நடுவுல இடைவெளி விட்டு, ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் நூத்துக்கணக்கான மெல்லிசுப் பட்டைங்களை ஒட்டி ஒட்டி எடுக்கும், கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் சுமார் 400லேர்ந்து 700 நானோமீட்டர், அதைத் தாண்டி அகச்சிவப்புக்குள்ளயும் போகும். அதனால படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழு நிறமாலையே கிடைக்குது.

கோலத்துக்கு சுத்தி இடற காவியை நினைச்சுக்கோங்க. பழைய ஓவியத்துல காவிக்கல் சிவப்பும் இருக்கலாம், பாதரசத்துலேர்ந்து வர்ற சாதிலிங்கச் சிவப்பும் இருக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. ஆனா காவியில இருக்கற இரும்பு ஆக்சைடு 860 நானோமீட்டர் பக்கத்துல வெளிச்சத்தை உறிஞ்சும், நிறமாலையை கோடா வரைஞ்சா அங்க ஒரு பள்ளம் விழும். சாதிலிங்கத்துக்கு அந்தப் பள்ளமே கிடையாது, அதோட கோடு 600 கிட்ட சட்டுன்னு மேல ஏறிடும். சுரண்டாம, துளி கூட எடுக்காம கண்டுபிடிச்சிடலாம், எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது. பானை ஓடும் சுட்ட மண்ணுதானே, அதுலயும் களிமண், இரும்பு எல்லாம் இப்படி அடையாளம் காட்டும்.

ஆனா மேல்பரப்பு சமாச்சாரம்தான் இது, ஓட்டுக்குள்ள ஆழமா எல்லாம் பார்க்காது. அரிக்கமேட்டு ஓட்டுல தமிழ் பிராமி கீறியிருக்கே, அதைப் படிக்க சாய்வா லைட் அடிச்சாலே போதும். மங்கிப்போன மை, மேல பூசி மறைச்ச எழுத்து, அங்கதான் இது கை கொடுக்கும். 2010ல அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரியில அந்த நாட்டு சுதந்திரப் பிரகடன வரைவை இப்படிப் பார்த்தப்போ, அதை எழுதின ஜெஃபர்சன் மொதல்ல 'குடிபடைகள்'ங்கற பொருள்ல எழுதி அழிச்சுட்டு 'குடிமக்கள்'னு மாத்தினது தெரிஞ்சுது.

சரி, தமிழுக்கு வருவோம். ஹைப்பருக்கு 'மீ' நல்லாவே பொருந்துது, மேல், மிகுதின்னு அர்த்தம். மீயொலி, மீப்பெரு, மீச்சிறுன்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். அதனால மீநிறமாலை. இமேஜிங்குக்கு நெறைய பேர் படிமம், படிமமாக்கல்னு போடறாங்க, மத்த துறையில பரவால்ல, தொல்லியல்ல அது குழப்பும், ஏன்னா அங்க படிமம்னாலே சிலை, செப்புப் படிமம்னுதான் படிப்பாங்க, 'அரிக்கமேட்டில் மீநிறமாலைப் படிமம்'னு தலைப்பு போட்டா ஏதோ சிலை கிடைச்சிடுச்சுன்னு நினைப்பாங்க. அதனால என் ஓட்டு மீநிறமாலைப் படம்பிடிப்புக்குத்தான். பேச்சுல மீநிறமாலைப் படம்னே சொல்லிக்கலாம், கருவிக்கு மீநிறமாலைக் கேமரா, கேமராவை மட்டும் நான் மாத்த மாட்டேன், அந்தப் பெரியவர் வாயிலயும் அது கேமராதான்.