கூடுதல் சீசன் சரி, ஃபீஸ் யார் கட்டுவது?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் விளையாட்டுத் துறையில் மாணவர்களின் ஆடும் தகுதியைச் சரிபார்ப்பது என் வேலை. இதை எழுதுவது 2020 ஏப்ரலில். கொரோனாவால் ஆட்டங்கள் நின்றுபோக, மாதம் தொடங்கியதிலிருந்து போன் ஓயவில்லை. நேற்றும் ஒரு அப்பா: "சார், பையனுக்கு இன்னொரு வருஷம் ஸ்காலர்ஷிப் கொடுத்துட்டாங்களாமே?" யாரும் கொடுக்கவில்லை.

2020 மார்ச் 12 அன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. மிச்சமிருந்த சாம்பியன்ஷிப்புகளை ரத்து செய்தது. மார்ச் 30 அன்று அதன் முதல் நிலைக் கல்லூரிகளுக்கான டிவிஷன் ஒன் கவுன்சில் கூடி, டென்னிஸ், கோல்ஃப், தடகளம், பேஸ்பால் போன்ற வசந்தகால ஆட்டக்காரர்களுக்கு இழந்த சீசனைத் திருப்பித் தரலாம் என்றது. கூடைப்பந்துக்கு அது இல்லை.

தரலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தருவதா வேண்டாமா என்பது கல்லூரியின் முடிவு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் சீனியர்களுக்கு, அதாவது கடைசி ஆண்டு மாணவர்களுக்கு, அந்தக் கூடுதல் சீசனைக் கேட்கப்போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. ஹார்வர்ட், யேல் போன்ற கல்லூரிகள் ஆடும் ஐவி லீக்கில் பட்டம் முடித்தவர் ஆட முடியாது என்ற விதி அப்படியே இருக்கிறது. கல்லூரி சம்மதித்தாலும், சீனியருக்குப் பழைய ஸ்காலர்ஷிப் முழுவதும் தரலாம், பாதி தரலாம், ஒன்றுமே தராமலும் இருக்கலாம். 2020 வரம்புப்படி ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் 4.5 முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்தது, அதைத்தான் பயிற்சியாளர் பங்கு போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் சீனியர்களுக்காக அந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பணம் எங்கே? 2020-ல் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய 60 கோடி டாலரை என்.சி.ஏ.ஏ. 22.5 கோடியாகக் குறைத்துவிட்டது. பயிற்சியாளர் "பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி உட்காராதீர்கள். எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். ஆடும் தகுதி நீண்டால் விசாவும் நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடிந்தால் 60 நாள் அவகாசம். அதற்குள் அடுத்த படிப்புக்கு இடமும், விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றான ஐ-20 புதிதாகவும் ஏற்பாடாகியிருக்க வேண்டும். பழைய ஐ-20-ஐ நீட்டிக்கப் படிப்பு சார்ந்த காரணமோ மருத்துவக் காரணமோ வேண்டும். டென்னிஸ் ஒரு காரணம் ஆகாது. பட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்று கடைசிப் பாடத்தைக் கைவிடும் வேலை வேண்டவே வேண்டாம். முழுநேர மாணவர் என்ற நிலை போனால் விசாவும் போகும், ஆட்டமும் போகும். முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள், அப்புறம் பயிற்சியாளரிடம் பேசலாம்.

வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று, மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பதிவுப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் அவசரப்பட்டுப் பெயர் கொடுக்காதீர்கள். பெயர் ஏறியதும், இந்தப் பருவம் முடிகிறபோது உங்கள் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தும் உரிமை இப்போதைய கல்லூரிக்கு வந்துவிடுகிறது. மனம் மாறித் திரும்பினாலும், நிறுத்தியதைத் திரும்பத் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பெற்றோர்களே, வேலையோ மேற்படிப்போ கையில் இருக்கும் பிள்ளையை ஒரு சீசனுக்காகப் பிடித்து வைக்காதீர்கள். இன்னும் ஆட ஆசையா என்று அவர்களிடமே கேளுங்கள். என்னிடம் பேசுகிற பலர் அதை இன்னும் கேட்கவே இல்லை.