ஹாஷெக் ஏன் விழுந்து விழுந்து தடுத்தார்?

1998 பிப்ரவரி, நாகானோ ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி அரையிறுதி. செக் குடியரசும் கனடாவும் 1-1. சமநிலையை முடிக்க, ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் ஷூட்அவுட்டில் ஃப்ளூரி, போர்க், நியூவெண்டைக், லின்ட்ராஸ், ஷானஹான் என்று கனடாவின் ஐந்து பேர் வரிசையாக வந்து அடித்தார்கள், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோலில் நின்றவர் டோமினிக் ஹாஷெக். இறுதியில் ரஷ்யாவையும் 1-0 என்று வென்று செக் அணி தங்கம் வாங்கியது.

அவர் ஆட்டத்தை முதல்முறை பார்த்தால், வழுக்கி விழுந்த மனுஷன் எழுந்திருக்கத் தவிப்பது மாதிரிதான் இருக்கும். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், மல்லாந்து உருளுவார். ஆனால் அந்தப் புரளலில் சுத்தமான வடிவியல் இருக்கிறது.

முதலில் வேகத்தைப் பாருங்கள். நன்றாக அடித்த பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான தட்டையான ரப்பர் வில்லை) மணிக்கு 160 கிலோமீட்டர் போகும், அதாவது நொடிக்கு சுமார் 44 மீட்டர். ஆறு மீட்டரிலிருந்து அடித்தால் கோலுக்கு வர 0.14 நொடிதான், ஆனால் கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி வேண்டும். அதனால் இவ்வளவு கிட்டத்திலிருந்து வரும் அடியைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. அது வரும் வழியில் உடம்பு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு இடத்தை மறைக்க வேண்டும்? கோலின் அகலம் 183 செ.மீ., உயரம் 122 செ.மீ. பக் ஐந்து மீட்டர் தள்ளி நேர் எதிரே இருக்கிறது, கோல்கீப்பர் இரண்டு மீட்டர் முன்னால் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறைக்க வேண்டியது 110 செ.மீ. அகலம், 73 செ.மீ. உயரம் மட்டும்தான். டார்ச் வெளிச்சத்தை நினைத்தால் புரிந்துவிடும், டார்ச்சுக்குக் கிட்டப் போகப் போக சின்ன அட்டையே போதும். இதில் உயரம் குறைவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பக் பெரும்பாலும் பனித்தரையிலிருந்து கிளம்புகிறது, அதனால் அது போகக்கூடிய வழி கீழிருந்துதான் விரிகிறது. பக்குக்கு அருகில் தரையோடு கிடக்கும் உடம்பு, கோல் கோட்டில் நிமிர்ந்து நிற்கும் உடம்பைவிட அதிகம் மறைக்கும்! ஹாஷெக் விழுந்தது அதற்குத்தான், அவருடைய இடுப்பும் முழங்காலும் வளைந்த வளைவு மற்றவர்களுக்கு வராது.

அப்புறம் அந்த மட்டை. கோல்கீப்பரின் ஒரு கை மட்டையைப் பிடித்திருக்கும், அந்தக் கையின் புறத்தில் தட்டையான பலகை மாதிரி ஒரு காப்பு இருக்கும். பக் காலடியில் உருளும்போது அந்தக் கையால் எடுக்க வழியில்லை. ஹாஷெக் மட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு, விடுபட்ட விரல்களால் பக்கை அமுக்கிவிடுவார். பயிற்சியாளர்கள் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் காரியம் அது.

1983-ல், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சிகாகோ அணி அவரை 199-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 1990-ல்தான் அமெரிக்கா போனார், அங்கே இரண்டு பருவங்களில் கிடைத்தது 25 ஆட்டங்கள். பஃபலோ அணிக்கு மாறிய பிறகுதான் உலகம் அவரைப் பார்த்தது: 1993-94-இல் வந்த அடிகளில் நூற்றுக்கு 93 தடுத்தார், 1997, 1998 என்று அடுத்தடுத்து லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை. வேறெந்தக் கோல்கீப்பரும் அதை இரண்டு முறை வாங்கியதில்லை.

பயிற்சியில்கூட ஒரு கோல் விட மனசு வராதவர். 1994 ஏப்ரலில் நியூஜெர்சியுடன் ஆடிய ஆட்டம் நான்காவது கூடுதல் நேரம் வரை இழுத்தது, எதிரணி 70 முறை அடித்தது, 70-ஐயும் தடுத்தார். பஃபலோ 1-0.