பெட்டி தாங்கும், கூரை தாங்குமா?

பள்ளி விடுமுறை முடிந்த வாரம் வந்தால் போதும், சுங்கை சிப்புட்டில் எங்கள் கடை வாசலில் கூரை நசுங்கிய கார் ஒன்று வந்து நிற்கும். இந்த முறையும் வந்தது. ஜொகூர் பாருவில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிய குடும்பம். ஏழு பேர் உட்காரும் வண்டி, மேலே சாமான் வைக்கும் புத்தம் புது ரூஃப் பாக்ஸ். அதைத் தாங்கும் குறுக்குக் கம்பியின் வலப்பக்க முன் கால் கூரையில் ஊன்றிய இடத்தில் தகடு கட்டை விரலால் அழுத்தியது போல் உள்வாங்கியிருந்தது. சாயம் செதில் செதிலாக உரிந்து கதவு ரப்பரில் ஒட்டியிருந்தது. பெட்டியின் மூக்கு ஒரு சாண் அளவுக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"தாப்பா கிட்ட வர்றப்பவே சத்தம் கேட்டுச்சுண்ணே, காத்துன்னு நெனச்சிட்டேன்" என்றார். தாப்பாவிலிருந்து இங்கே வரைக்கும் அந்தச் சத்தத்தோடேயே நெடுஞ்சாலையில் ஓட்டி வந்திருக்கிறார். பின்சீட்டில் பிள்ளைகள். பெட்டி பிய்த்துக்கொண்டு போயிருந்தால் பின்னால் மோட்டாரில் வந்தவன் கதி என்ன?

திறந்து பார்த்தேன். 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு, விசேஷத்தில் மிஞ்சிய தண்ணீர்ப் போத்தல் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, அக்கா கொடுத்தனுப்பிய அண்டா. சரி, தலையணை, போர்வையெல்லாம் எங்கே? பிள்ளைகள் மடியில்! கனமானது மேலே, லேசானது உள்ளே. அப்படியே தலைகீழ்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார், எல்லோரும் சொல்லும் அதே வசனத்தை: "பெட்டியில 75 கிலோன்னு ஒட்டியிருக்கேண்ணே."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த 75 கிலோ பெட்டியின் கணக்கு. பெட்டியின் அடித்தட்டு வளையாமல், பூட்டு தெறிக்காமல் அவ்வளவு தாங்கும் என்கிறார் அதைச் செய்தவர். உங்கள் கார் அவருக்குத் தெரியாது. நீங்கள் அதை எதன்மேல் ஏற்றப்போகிறீர்கள் என்றும் தெரியாது. உங்கள் கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் கார் கம்பெனிதான் சொல்ல முடியும். அது டேஷ்போர்டு அறையில் ரோட்டேக்ஸ் ரசீதுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இருக்கிறது. பல குடும்பக் கார்களுக்கு 50 கிலோவிலிருந்து 75 கிலோ வரைதான். சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. கூரையில் எதையும் ஏற்றவே கூடாது என்று சொல்லும் கார்களும் உண்டு. குறுக்குக் கம்பிக்கும் தனியாக ஓர் அளவு இருக்கிறது. ஆக மூன்று எண்கள். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண். பேரம் கிடையாது.

அந்த எண்ணும் சாமானுக்கு மட்டும் அல்ல. கூரைக்கு மேலே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து. உங்கள் கையேட்டில் 50 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுப் பெட்டி வெறுமனே 18 கிலோ இருக்கும். கம்பி இரண்டும் கால்களுமாக 5 கிலோ. ஒரு துண்டு கூட வைக்கவில்லை, அதற்குள் 23 கிலோ போய்விட்டது. மிச்சம் 27. அரிசி மூட்டை இரண்டு 20 கிலோ. அரை லிட்டர் போத்தல் 24 உள்ள தண்ணீர்ப் பெட்டி 12 கிலோ. அங்கேயே தாண்டியாயிற்று. விளக்கையும் அண்டாவையும் நான் இன்னும் தொடவே இல்லை.

அடுத்த வாதம் இது: "நானே கூரைமேல ஏறி நின்னு கார் கழுவியிருக்கேன், ஒண்ணும் ஆகலையே." நின்றிருப்பீர்கள். அப்போது கார் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற காரின் கூரை நிறையவே தாங்கும். ஓடுகிற கார் வேறு. குழியில் இறங்கி ஏறும்போது மேலே உள்ள பாரம் குதித்து விழுகிறது. பிரேக் அடித்தால் முன்னால் பாய்கிறது. வளைவில் வெளிப்பக்கம் தள்ளுகிறது. இத்தனையும் உள்ளங்கை அகலமுள்ள நான்கு கால்களில் இறங்குகிறது. செம்பனை லோரி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தோட்டச் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு விடுமுறைக்கும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லிட்டர் கணக்கும் ஆளை ஏமாற்றும். 400 லிட்டர் என்பது இடம், எடை அல்ல. இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது தெரியுமா? குளிர் நாடுகளில் பனிச்சறுக்குக் கட்டைகளை வைத்துப் போகிறார்கள். நீளம் உண்டு, கனம் இல்லை. நமக்கும் அதே கணக்குதான். மெத்தை விரிப்பு, தலையணை, துணிப்பை, மடிக்கிற தள்ளுவண்டி, தீபாவளிக்கு முறுக்கு டின் வேண்டுமானால் சரி. அரிசி, எண்ணெய், அண்டா எல்லாம் காருக்குள் கீழே, பின்சீட்டின் முதுகோடு ஒட்டி. கேஸ் தோங்கை (சிலிண்டரை) மேலே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தேன், புரிந்துகொண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழகுக்காக வெள்ளி நிறத்தில் கூரை ஓரம் ஒட்டிக்கொள்கிறார்களே, அந்த ரெயில். பலவற்றுக்கு உள்ளே ஆணி கிடையாது, போல்ட்டு கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பு மட்டும்தான். நம் வெயிலில் அந்தப் பசை என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதன்மேல் கம்பியை மாட்டிப் பெட்டியையும் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். பழைய கார் வாங்கியவர்கள் முக்கியமாகப் பாருங்கள். ரெயில் கம்பெனியிலேயே வந்ததா, முன்னாள் முதலாளி ஒட்டியதா என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மாட்டுவதற்கு முன் காட்டுங்கள்.

மாட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பெட்டியின் கையேடு சொல்லும். மாட்டியதும் பின்கதவை மெதுவாக முழுக்கத் திறந்து பாருங்கள், பெட்டியில் இடிக்கிறதா என்று. கால் ஊன்றும் இடத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரப்பருக்கும் சாயத்துக்கும் நடுவே சிக்கிய மணல் ஒரே பயணத்தில் தகடு வரை அரித்துவிடும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் உறுதி என்று நினைக்காதீர்கள், அதிலும் கூரை நசுங்கும். கம்பியோடும் பெட்டியோடும் வந்த முறுக்குச் சாவியையே பயன்படுத்துங்கள். சொன்ன அளவு வந்ததும் பல மாடல்கள் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். பிறகு 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கம் பாருங்கள். இங்கிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அது ஈப்போவைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் வரும், எப்படியும் தேநீருக்கு நிறுத்துவீர்கள். கனமானது எதுவும் இருந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவில் வையுங்கள். உள்பட்டையால் கட்டுங்கள். சாவி பூட்டில் முழுதாகத் திரும்பி வெளியே வர வேண்டும். பாதியில் நின்றால் மூடி எங்கோ கவ்வவில்லை என்று அர்த்தம். கையால் அமுக்கித் திருகி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

வேகம். நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம் என்பது சட்டம். மேலே பெட்டி இருந்தால் நான் 90 என்பேன். 80-ல் போகும்போது பெட்டியைத் தள்ளும் காற்று, 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்திலும், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளிலும் கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும். பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்று வேறு. புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அது காற்று அல்ல, ஏதோ கழன்றிருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள், அடுத்த ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நிறுத்துங்கள். பெட்டி ஆடுவது கண்ணுக்கே தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் அவசரத் தடத்தில் ஒதுங்குங்கள். பிள்ளைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள்.

ஈப்போவில் பேரங்காடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கார் 1.67 மீட்டர், கம்பியும் பெட்டியும் அரை மீட்டர் என்றால் மொத்தம் 2.17. நிலத்தடி வண்டி நிறுத்துமிடம் பலவற்றில் 2.1 மீட்டர்தான் அளவு. மொத்த உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நுழையும்போது ஞாபகம் வராது.

ஊர் வந்து சேர்ந்ததும் கழற்றுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அடுத்த தைப்பூசம் வரை காலிப் பெட்டியைச் சுமந்துகொண்டே பாசாருக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். நெடுஞ்சாலையில் இந்த மாதிரிப் பெரிய பெட்டியால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் 6 முதல் 17 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வெயில் பட்டுப்பட்டு பிளாஸ்டிக் வெளுக்கும். முதலில் வெளுப்பது கீல் ஓரத்தில்தான். நகத்தால் சுரண்டினால் மாவு உதிரும். அந்தக் கட்டத்துக்கு வந்த பெட்டியை என்னிடம் கொண்டுவந்து கீல் மாற்றித் தரச் சொல்லாதீர்கள், மாற்றினாலும் நிற்காது.

கழற்றிய பெட்டியை உள்ளும் வெளியும் கழுவி, நிழலில் மூடியைத் திறந்து நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜிங்க் கூரைக்கு அடியில் ஒட்டினாற்போல் தொங்கவிடாதீர்கள், மத்தியான வெக்கையில் மூடி வளைந்துபோகும். வளைந்த மூடி பிறகு பூட்டாது. அந்தக் கூரையிலிருந்து நன்றாகக் கீழே தள்ளி, இரண்டு அகலப் பட்டையில் சமமாகக் கிடக்கும்படி தொங்கவிடலாம். அல்லது சுவரோரம் சமதரையில் படுக்கப் போட்டு, மேலே ஒரு சாமானும் வைக்காமல் விட வேண்டும். நம் வீடுகளில் இந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். இரண்டே நாளில் பழைய நாளிதழ் கட்டும் மின்விசிறிப் பெட்டியும் ஏறி உட்கார்ந்துவிடும்.

காய்ந்ததும் பூட்டுங்கள், சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளை தாராளமாக உள்ளே படுத்துக்கொள்ளும் அளவு அது. ஒளிந்து விளையாடும்போது ஒன்று உள்ளே போய் இன்னொன்று மூடியை அமுக்கிவிட்டால், உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது இன்றைக்கே செய்யுங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் பெட்டி மாட்ட வருகிறவர்கள் கையேட்டையும் கொண்டுவாருங்கள், அந்த ஒரு பக்கத்தைச் சேர்ந்தே பார்த்துவிடலாம். பயணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்தில் வராதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே வாருங்கள்.