பழைய குளியலறை அலமாரி: இடம் மேலே இருக்கிறது

குளியலறை அலமாரியில் இடம் பற்றவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புது அலமாரிதான் கேட்பார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் காற்று. அடித்தட்டில் பாட்டில்கள் மூன்று வரிசையாக நெருக்கியடித்து நிற்கும், அவற்றின் தலைக்கு மேல் ஒரு சாணுக்கு மேல் சும்மா கிடக்கும். வாஷ்பேசினுக்கு அடியில் வரும் பழைய பெட்டிகள் பல, குழாயை மறைக்க அடித்தவை. உள்ளே என்ன வைப்பார்கள் என்று யோசித்து அடித்தவை அல்ல. அதனால் நடுத்தட்டே இருக்காது.

தட்டு போடுவதற்கு முன் ஓதத்தைப் பாருங்கள். சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்தால் கண்ணுக்குப் படாத கசிவு பேப்பரில் தெரிந்துவிடும். பேசினை அடைத்து நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டும் பார்க்க வேண்டும். சில கசிவுகள் குழாய் நிறைந்து ஓடும்போதுதான் வெளியே வரும். அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டாக (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) இருந்து ஓரம் உப்பியிருந்தால், அது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அந்தப் பலகையில் சேனல் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்) மாட்டி இழுப்பறை போடுவது காசுக்குக் கேடு. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை. அடிப்பலகையை மட்டும் தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டில் வெட்டிப் போட்டு, வெட்டிய ஓரம் நான்கையும் பெயிண்டாலோ ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் பட்டையாலோ மூடினால் போதும். தண்ணீர் பலகையின் முகத்தைவிட ஓரத்தில்தான் வேகமாக ஏறும்.

மிகப் பழைய பெயிண்ட் பூசிய மரப்பெட்டி என்றால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம், தேய்த்தால் வரும் தூசு குழந்தைகளுக்கு ஆபத்து. பரிசோதித்துப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, வெளியே எடுத்த சாமானில் எது திரும்ப உள்ளே போகக் கூடாது என்பது. முதலில் மாத்திரைகள். எத்தனையோ வீடுகளில் மருந்து வைக்கும் இடமே குளியலறைதான், ஆனால் வெந்நீர் ஆவியும் சூடும் மருந்துக்கு ஆகாது. ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும். மருந்தை உலர்ந்த, குளிர்ச்சியான, பிள்ளைகளுக்கு எட்டாத வேறிடத்துக்கு மாற்றுங்கள். அலமாரியில் ஒரு தட்டும் காலியாகும். கிரீம் டப்பாக்களில் மூடி திறந்த ஜாடி போல ஒரு சின்னப் படமும், அதில் 6, 12, 24 என்று ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் கணக்கு.

இன்னொன்று கழுவும் திரவங்கள். ப்ளீச்சும், கழிப்பறைக்கு ஊற்றும் அமிலமும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை நான் பார்க்காத வீடு குறைவு. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சிறிய அறையில் அது விளையாட்டல்ல. அமோனியா கலந்த திரவமும் ப்ளீச்சோடு சேரக் கூடாது. அமிலத்தை வேறிடத்தில் வைப்பதே நல்லது. ப்ளீச்சை விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் ட்ரேயில் தனியாக வையுங்கள். கீழ்ப்பெட்டி தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரம் என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தத் திரவம் எதுவும் அங்கே வேண்டாம். ஸ்ப்ரே டின்களை 50 டிகிரிக்கு மேல் சூடேறும் இடத்தில் வைக்கக் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கும். கீசரை ஒட்டிய அலமாரிகளில் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

இனி தட்டு. குழாய் நடுவில் வருகிறதே என்று விட்டுவிடுவார்கள். தட்டின் பின்பக்கத்தில் குழாய்க்கு ப வடிவில் ஒரு வெட்டு கொடுத்தால் இரு பக்கமும் முழு ஆழம் கிடைக்கும். அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்துவிட்டுப் பலகையில் கை வையுங்கள். கனத்தில் கஞ்சம் வேண்டாம்: 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். நீளமோ நேர்மாறு. தாங்கல்களுக்கு நடுவிலுள்ள தூரம் இரட்டித்தால், நடுவில் வைத்த அதே எடைக்குத் தொய்வு 8 மடங்கு ஆகும். அகலமான பெட்டிக்கு நடுவில் ஒரு நிறுத்துப் பலகை கொடுத்துவிடுவது என் வழக்கம்.

இழுப்பறை வேண்டுமென்றால் அளவு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய பெட்டி எதுவும் மூலைமட்டத்துக்கு நிற்காது. வாயகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மாட்டும் சாதாரண பால் பேரிங் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. வேண்டும், அதனால் இழுப்பறைப் பெட்டி வாயகலத்தைவிடச் சுமார் 26 மி.மீ. குறைவாக இருக்கும். கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அளப்பது முக்கியம். சில கீல்களில் திறந்த கதவே வாயை ஒரு விரற்கடை மறைக்கும். கவனிக்காமல் செய்த இழுப்பறை அதில் இடித்து நின்றுவிடும். அப்படியானால் சேனலுக்குப் பின்னால் ஒரு கட்டை வைத்து உள்ளே தள்ள வேண்டியதுதான்.

கதவின் உட்புறத்தில் சின்ன ரேக் மாட்டலாம், பல்துலக்கி, சீப்பு போன்ற இலேசான சாமானுக்கு மட்டும். ஷாம்பு பாட்டில்களை அடுக்கினால் கதவு தொங்கிவிடும். கதவுக் கனத்தைவிடக் குட்டையான ஸ்க்ரூ போடுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் முனை எட்டிப்பார்க்கும்.

மேலே கண்ணாடி அலமாரி இருந்தால், அதில் எடையைக் கூட்டும் முன் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலே கீழே புதுத் துளை போடாதீர்கள், உள்ளே பைப்போ வயரோ போயிருக்கலாம். கழன்ற கண்ணாடியை ஒட்ட வினிகர் வாடை வரும் சிலிக்கான் ஆகாது, அது பின்பூச்சை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

புதுத் தட்டை ஆணி அடித்து இறுக்கிவிட வேண்டாம். தாங்கல்கள் மேல் சும்மா உட்காரட்டும். ட்ராப் (பேசினுக்கு அடியில் உள்ள வளைகுழாய்) அடைத்துக்கொள்ளும் நாளில் தட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கையாலேயே நட்டைக் கழற்றும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தும் வால்வுக்கு முன்னால் எதையும் அடுக்காதீர்கள்.