அஷ்டபந்தனம்: சாமிக்குச் சாத்தும் மருந்து

கும்பாபிஷேகப் பத்திரிகைகளில் 'அஷ்டபந்தன' என்ற சொல் பெரும்பாலும் இருக்கும். அஷ்டம் என்றால் எட்டு. பந்தனம் என்றால் கட்டு. கருவறைச் சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் எட்டுப் பொருள் பசையின் பெயர் இது. கோயில்களில் இதை 'மருந்து' என்பார்கள். பூசுவதாகச் சொல்ல மாட்டார்கள், 'சாத்துவது' என்பார்கள்.

சிலை ஒரு கல், பீடம் இன்னொரு கல். நடுவில் மெல்லிய இடுக்கு. பால், தயிர், எண்ணெய், தண்ணீர் என்று அபிஷேகம் நடக்கும்போதெல்லாம் அதில் ஈரம் இறங்கினால் அடியில் வைத்த யந்திரத் தகடு அரிக்கும், சிலையும் அசையத் தொடங்கும்.

கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான் தூள் (சுண்ணாம்புக்கல் பொடி), கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, எருமை வெண்ணெய். தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லும் எட்டு இவை. கேரளத்தில் சங்குத் தூள், கடுக்காய், ஆற்றுமணல் என்று பட்டியல் மாறும்.

பசையின் உயிர் கொம்பரக்குதான். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். குங்கிலியம் ஒட்டும் தன்மையைக் கூட்டுகிறது. மெழுகு நீரைத் தள்ளுகிறது. சுக்கான், காவித் தூள்கள் உடம்பைக் கொடுத்து, சுருங்குவதைக் குறைக்கின்றன. பஞ்சின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது: அதன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, விரிசல் பரவாமல் பிடித்துக்கொள்கின்றன. இன்றைய ஃபைபர் கிளாஸிலும் இதே தத்துவம்தான். வெண்ணெய், பசை நொறுங்காமல் நெகிழ்வைக் காக்கிறது.

இவற்றை உரலில் போட்டு விடாமல் இடிக்க வேண்டும். இடிக்க இடிக்கச் சூடேறி, உதிரியாகக் கிடந்த தூள் சப்பாத்தி மாவு போலத் திரண்டு வரும். அதைக் கயிறாகத் திரித்து, இளக்கம் போவதற்குள் இடுக்கைச் சுற்றி அழுத்திவிடுவார்கள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பலமாகச் சூடாக்கினால் நச்சு ஆவி வரும். இடிப்பவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கோயிலே கொடுக்க வேண்டும்.

இந்த மருந்தை வழக்கமாக 12 ஆண்டுக்கு ஒருமுறை, கும்பாபிஷேகத்தின்போது புதுப்பிப்பார்கள். சரி, ஏன் புதுப்பிக்கிறார்கள்? அரக்கு தண்ணீருக்கு அசையாது, ஆனால் காரத்தில் கரையும். விபூதி கரைந்த நீர் காரம்தான். தயிரின் புளிப்பு சுக்கானைத் தின்னும். வெண்ணெயும் நாளாக நாளாகக் கெட்டு, நெகிழ்வு போய், பசை வெடிக்கும். ஆனால் 12 என்பது கறாரான கணக்கு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997-க்குப் பிறகு 2020-இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. அதேபோல, மருந்து முன்னதாகவே விட்டுப்போனால் தவணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: பாலாலயம் செய்து (சாமியின் சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றி), பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்திவிடலாம்.