முறை சொல்லி அழைத்தால்தான் ஆங் பாவ்

மலேசியச் சீனப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பல வீடுகளில் வேறு யாருக்கும் மாண்டரின் தெரியாது. பிள்ளையோ 6 ஆண்டுகள் கணிதமும் அறிவியலும்கூட அந்த மொழியில்தான் படித்தாக வேண்டும். மாண்டரின் ஆசிரியராக நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது, சீனப் பண்டிகைகளை வெறும் விடுமுறையாக விட்டுவிடாதீர்கள் என்பதுதான்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளன்று பெரியவர்களை முறை சொல்லி அழைத்து, வாழ்த்திவிட்டு, இரு கையாலும் ஆங் பாவ் எனும் பணம் வைத்த சிவப்பு உறையை வாங்குவது வழக்கம். வகுப்பில் இதை நடித்துப் பார்ப்போம். எல்லாரையும் 'அங்கிள்' என்றே அழைத்துப் பழகிய பிள்ளைகள் இங்கே திணறுவார்கள். அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷு, அம்மாவின் சகோதரர் ஜியூஜியூ. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வீட்டில் பிரித்து அழைக்கும் நம் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தாத்தாவில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். அப்பாவின் அப்பா யேயே, அம்மாவின் அப்பா வைகோங். மாற்றிச் சொன்னால் தாத்தாவாக நடிக்கும் பிள்ளை உறையை நீட்டாது. அதை வாங்குவதற்காகவே எத்தனை முறையும் சொல்லிப் பார்ப்பார்கள்.

அப்புறம், பெருநாள் விருந்து மீன். மீனுக்கும் மிகுதிக்கும் மாண்டரினில் ஒரே ஒலி, அதனால்தான் அது விருந்தில் இடம்பெறுகிறது. அந்த ஒலிக்கு, 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். குரல் கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற வேண்டும். தாழ்ந்து எழுந்தால் மழை, சட்டென்று இறங்கினால் ஜேட் எனும் பச்சைக் கல். புத்தகத்தில் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதித் தரும் பெற்றோர் உண்டு. அக்கறையால் செய்வதுதான், ஆனால் மூன்றுமே 'யூ' ஆகிவிடும். தொனிக்குறியோடு பின்யின் எழுத்தையே, அதாவது மாண்டரின் ஒலியை ரோமன் எழுத்தில் காட்டும் முறையையே, பார்க்கப் பழக்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிலாப் பண்டிகைக்குத் தாங்லுங் எனும் காகித விளக்கு ஒட்டுவதிலேயே பாடவேளை முழுக்கக் கரைந்து, பிள்ளை ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் வீட்டுக்குப் போவது சரியில்லை. என் வகுப்பில் கத்தரிக்கோல் வேண்டுமா, பசை வேண்டுமா, மாண்டரினில் கேட்டால்தான் கைக்கு வரும். முதலில் முணுமுணுப்பார்கள். விளக்கு பாதியில் நிற்பதைப் பார்த்ததும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, வீட்டில் யாருக்கும் மொழி தெரியாவிட்டால்? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குச் சீன அண்டை வீட்டார் வரும்போது, அவர்களை முறை சொல்லி வரவேற்று, முறுக்கு எதில் செய்தது என்று விளக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.