காசு வேனுக்கு இரண்டாவது பாதை எங்கே?

பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டவுன் வங்கியில் இருந்து தோட்டத்து ஆபீசுக்குப் பணம் எந்த ரோட்டால் வரும் என்பதும் தெரியும், பெரும்பாலும் இருப்பதே ஒரு ரோடுதான். சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் இடங்களில் அந்தக் காசு டவுனில் இருக்கும் ஏ.டி.எம். இயந்திரத்துக்கு வேனில் போகிறது. அந்த வேனை ஓட்டுகிறவருக்கும், முக்கியமான ஒருவரைக் கொழும்பில் இருந்து நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகும் பாதுகாப்புச் சாரதிக்கும் போனில் உள்ள வரைபடம் உதவும். ஆனால் சீக்கிரம் போக எது வழி என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. இவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்த இடத்தில் என்னை மறிக்க முடியும்? மறித்தால் எங்கே திருப்புவேன்?

முதலில் ஜி.பி.எஸ். பக்கத்தைப் பார்த்துவிடலாம். செய்மதி மேலே இருந்து நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது யாரையும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்று விடாமல் வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பது மட்டும்தான் நம் கருவியின் வேலை. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். மணிக்கூடு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீற்றர் தவறிவிடும். செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பதோ மலிவான ஒன்று. அதனால்தான் இடத்தைக் கணக்கிட மூன்று செய்மதியும், போனின் மணியைத் திருத்த நான்காவதும் தேவைப்படுகின்றன. ஐன்ஸ்டைனுக்கும் இதில் பங்கு உண்டு. ஈர்ப்பும் வேகமும் சேர்ந்து செய்மதிக் கடிகாரத்தை நாளுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்த வைக்கின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்.

திறந்த வெளியில் போன் ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடத்தைச் சரியாகச் சொல்லும். றம்பொடைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்குக்குள் அந்த அளவு கிடைக்காது. இரண்டு பக்கமும் மலை நிற்பதால், அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செய்மதிகள் மறைந்துபோகின்றன. மிஞ்சுவது தலைக்கு மேலே இருப்பவையும், பள்ளத்தாக்கு ஓடும் திசையில் இருப்பவையும். எந்தத் திசையில் செய்மதி தெரியவில்லையோ அந்தத் திசையில்தான் பிழையும் கூடும். ஆகவே பள்ளத்தாக்கின் நீளவாக்கில் கணக்கு பரவாயில்லை, குறுக்குவாக்கில் ஆடும்.

கொண்டை ஊசி வளைவில் ஏறும் ரோடு மலைச்சரிவில் மடிந்து மடிந்து போவது இதே குறுக்குவாக்கில்தான். மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் இடையே சில இடங்களில் சில பத்து மீற்றர்தான் இருக்கும். அம்புக்குறி திடீரென்று கீழ் மடிப்புக்குக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் இதைச் சமாளிக்க, இப்போதைய புள்ளியை மட்டும் பார்க்காமல் கடந்த சில நிமிடங்களின் புள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து, 'இந்த வண்டி எந்த ரோட்டில் வந்திருந்தால் இப்படி ஒரு வரிசை கிடைக்கும்?' என்று கணக்குப் போடுகிறது. மேல் ரோட்டில் இருந்து கீழ் ரோட்டுக்கு வண்டி பாய முடியாது அல்லவா, அந்தச் சாத்தியத்தை அது தள்ளிவிடும். சில போன்களில் உள்ள காற்றழுத்தமானியும் கை கொடுக்கும். ஜி.பி.எஸ். உயரத்தைச் சொல்வதில் எப்போதுமே கொஞ்சம் மோசம். காற்றழுத்தமோ சில மீற்றர் ஏறினாலே மாறிவிடும்.

றம்பொடைச் சுரங்கத்துக்குள் சிக்னலே கிடையாது. அங்கே சக்கரத்தின் வேகத்தையும் திருப்பத்தை உணரும் கருவியையும் வைத்து வண்டி தன் இடத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. குறுகிய சுரங்கம் என்பதால் பிழை பெருகுவதற்குள் வெளியே வந்துவிடலாம். இரும்புத் தகடு போர்த்திய காசு வேனுக்குள்ளும் சிக்னல் நுழையாது, ஆகவே அன்டெனா கூரைக்கு மேலே இருக்க வேண்டும். இலங்கை பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டப் படலத்தில் குமிழிகள் உண்டாகி சிக்னலை மினுக்க வைக்கும். மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி இது அதிகம்.

செய்மதிக்கு நம்மைத் தெரியாது என்றால் கட்டுப்பாட்டு அறைக்கு வேன் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? வேனில் உள்ள கருவி தன் இடத்தைக் கணித்து, ஒரு சிம் அட்டை வழியாகச் சொல்கிறது. கோபுரம் எட்டாத மலை மடிப்பில் அதுவும் ஊமை. அதனால் சிக்னல் இல்லாத துண்டுகளை முன்கூட்டியே ஓடிப் பார்த்துக் குறித்துவைத்து, 'இந்த இடத்தில் இத்தனை நிமிடம் சத்தம் வராது, அதைத் தாண்டினால்தான் கவலை' என்று அறையோடு பேசிவைப்பது நல்ல திட்டத்தின் பாதி.

சரி, பாதைக்கு வருவோம். 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்த முறைதான் இன்றைக்கும் வழி தேடும் மென்பொருளின் அடித்தளம். சந்திகளைப் புள்ளிகளாக வையுங்கள், ரோட்டுத் துண்டுகளைக் கோடுகளாக வையுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை எழுதுங்கள். புறப்படும் இடத்தில் இருந்து மிகக் குறைந்த விலையில் எட்டக்கூடிய சந்தியை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து அடுத்ததற்குப் போய், அப்படியே பரவிக்கொண்டு சேருமிடம் வரை வர வேண்டும்.

எல்லாம் அந்த விலையில்தான் இருக்கிறது. சாதாரண மென்பொருள் விலையாக நிமிடத்தைப் போடும். பாதுகாப்புச் சாரதி அதன் மேல் வேறு பலதையும் ஏற்றுவார்: வண்டியைத் திருப்ப இடமில்லாத நீண்ட துண்டு, நடக்கிற வேகத்துக்கு இறங்க வேண்டிய வளைவு, நின்றே ஆக வேண்டிய ரயில் கடவை. பொலிஸ் நிலையமோ ஆஸ்பத்திரியோ பக்கத்தில் இருந்தால் விலையைக் குறைப்பார். சிவனொளிபாதமலைப் பருவத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை, மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிப் பக்கம் போகும் ரோட்டின் விலையே வேறு.

ஒரே ரோட்டுக்கு ஏற ஒரு விலை, இறங்க இன்னொரு விலை. 5 தொன் வேன் ஒன்று 500 மீற்றர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 24 மெகாஜூல் சக்தியை வெப்பமாகக் கழிக்க வேண்டும். எழுபது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு சூடும் பிரேக்கில்தான் இறங்கும். நானுஓயா–ரதல்லை குறுக்கு வீதி தூரத்தில் குட்டை, சரிவில் கடுமை. 2023 ஜனவரி 20ஆம் திகதி அங்கே பஸ் மோதி ஏழு பேர் இறந்த பிறகு, கனரக வாகனங்களுக்கு அந்த வீதியில் தடை வந்தது. தூரத்தை மட்டும் பார்க்கிற கணக்கு இப்படிப்பட்ட ரோட்டைத்தான் முதலில் நீட்டும்.

இனி இரண்டாவது பாதை. கணினிக்கு ஒரு எளிய தந்திரம் தெரியும்: முதல் பாதையில் வந்த துண்டுகளின் விலையை எல்லாம் ஏற்றிவிட்டு மறுபடி தேடினால், முடிந்தவரை அவற்றைத் தொடாத பாதை வரும். கொழும்பு–நுவரெலியாவுக்கு இது அழகாக வேலை செய்யும். பேராதனை, கம்பளை, றம்பொடை வழி ஒன்று. அவிசாவளை, ஹட்டன், தலவாக்கலை வழி இன்னொன்று. சுற்றினாலும் பரவாயில்லை என்றால் இரத்தினபுரி, ஹப்புத்தளை, வெலிமடை வழியும் உண்டு. டவுனைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தந்திரம் செத்துவிடும். விலையை எவ்வளவு ஏற்றினாலும் திரும்பவும் அதே ரோடுதான் வரும், ஏனென்றால் வேறு கோடே கிடையாது. ஒரு கோட்டை அழித்தால் வரைபடமே இரண்டு துண்டாகும் என்றால், அப்படிப்பட்ட கோடுகளை மொத்தமாகக் கண்டுபிடிக்க 1974இல் ராபர்ட் டார்ஜன் என்ற கணினி அறிஞர் ஒரு வேகமான முறை கொடுத்தார். அதை மலையகத் தோட்டப் பாதைகளில் ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்புக் கோடாகத்தான் தெரியும் என்பது என் ஊகம். தேயிலைத் தொழிற்சாலைக்கு ஒரு ரோடு, அதில் இருந்து லயங்களுக்கு ஒரு கிளை. மரத்தின் கிளைகள் போய் இன்னொரு மரத்தில் சேராது.

இரண்டு பாதை இருக்கும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வரைபடத்தில் அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்கலாம், ஆனால் மேலே பெய்யும் மழை ஒன்றே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலையகத்தில் மண்சரிவுகள் வந்தபோது, பிரதான வீதியும் மாற்று வீதியும் ஒன்றாகவே அறுந்தன. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளில் இருந்து செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ ஏறினால், மாற்றுப் பாதை தேடுவதைவிடப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரியான கணக்கு.

பாதையை மாற்ற முடியாதவருக்கு மிஞ்சுவது நேரமும் வரிசையும். கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஒரே வீதியில் ஐந்து டவுன்களுக்குப் பணம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். பெரும்பாலானவை போய்த் திரும்பி மறுபடி போகும் வரிசைகள், டீசல் தின்னும். அதிகம் தின்னாதவை ஒரு சில தேறும். அவற்றில் ஒன்றை எப்படித் தேர்வது? மனிதரிடம் விட்டால், தெரியாமலே ஒரு பழக்கம் வந்துவிடும்: போன வாரம் காலையில் போனோம், இந்த வாரம் மத்தியானம் என்று. 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடி போடும் இடத்தையும் நேரத்தையும் கணினியே குலுக்கிப் போட ஆரம்பித்தது இந்தப் பலவீனத்துக்காகத்தான். அது வெறும் சீட்டுக் குலுக்கல் இல்லை. காவல் அதிகம் தேவைப்படும் இடத்துக்குச் சாவடி அடிக்கடியும், மற்ற இடங்களுக்கு எப்போதாவதும் விழும்படி எடை போட்ட குலுக்கல். காசு வேனுக்கும் அதே முறை பொருந்தும், எடை மட்டும் மாறும்: ஆபத்துக் குறைந்த வரிசை அடிக்கடியும், கூடியது எப்போதாவதும் விழ வேண்டும். குலுக்கலை வண்டி கிளம்பும் காலையில் செய்ய வேண்டும், முந்திய இரவு சாரதிக்குக்கூடத் தெரிந்திருக்கக் கூடாது.